சிவப்புச் சீட்டுக்குக் கைதட்டியவன்

அத்தியாயம் 7

“சாங், இன்னைக்கு இந்த ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போகுது. நீ மேடையை மட்டும் பாரு. எவன் தப்பான நேரத்துல மூச்சு விடறான்னு எனக்குச் சொல்லு.”

மாலி அக்கா இதைச் சொன்னபோது அவர் கையில் ஐஸ் போட்ட ஆரஞ்சுத் தேநீர் இருந்தது. என் கையில் அவருடைய கைப்பை, அவருடைய குடை, அவருடைய மின்விசிறி. உதவியாளன் என்று என் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறது. துணி மாட்டும் கொக்கி என்று போட்டிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

சாங் என்றால் எங்கள் தாய்லாந்துப் பாஷையில் யானை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த செல்லப்பெயர். எடை பார்க்கும் இயந்திரத்தில் நான் ஏறினால், ஆள் ஏறியிருக்கிறது என்று நம்ப அது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஏப்ரல் வெயில் நோங் யாங் பள்ளிக்கூட மைதானத்தைப் பொரித்துக்கொண்டிருந்தது. இருபத்தொரு வயதுப் பையன்கள் சட்டையில்லாமல், புஜத்தில் மையால் எழுதிய எண்ணோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சீட்டுப் பெட்டி. கைவிட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு வந்தால் ராணுவத்துக்குப் போக வேண்டும். கம்பி வேலிக்கு வெளியே அம்மாக்களும் அக்காக்களும் காதலிகளும் சாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் முறை வந்த வருடம் எனக்குக் கறுப்பு. சந்தோஷத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். என்னைத் தூக்கிக்கொண்டு போனவன் சிவப்பு எடுத்தவன்.

“அக்கா, நம்ம ஆளு இன்னும் வரலையே?”

“வருவான். இந்த ஊர்ல பொறந்தவன்னு கோர்ட்டுல சொல்லிட்டான்ல? ஊர் விசேஷத்துக்கு வராம இருந்தா நல்லாவா இருக்கும்?”

நம்ம ஆள் என்றது தியோவை. எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் கெடாவில், ரப்பர் கையுறைத் தொழிற்சாலை முதலாளி. போன வருடம் அவனுடைய தொழிலாளர் விடுதி தீப்பிடித்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நேபாளத்துப் பிள்ளைகள் வெளியே வரவில்லை. அதைப் பற்றி நான் கிண்டலாக எதுவும் சொல்ல மாட்டேன்.

பூட்டச் சொன்னது தியோ, சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனதும் தியோ என்கிறார் காவலாளி சுல்கிஃப்லி. ஆனால் தியோ விடிவதற்குள் எல்லையைத் தாண்டிவிட்டான். கையில் அகப்பட்டவர் சுல்கிஃப்லிதான். முதலாளி வரவில்லை என்றால் அவர் மேல் மட்டும் வழக்கை நடத்தி முடித்துவிடுவார்கள். அவர் மனைவி ரொஹானா எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து மாலி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததில்தான் இந்தக் கதை ஆரம்பம்.

தியோவைக் கண்டுபிடித்தது கஷ்டமாக இல்லை. அவன் ஒளியவே இல்லை. “தியோ நான்தான். ஆனா நான் பிறப்பால் தாய்லாந்துக்காரன். நோங் யாங்கில் பிறந்து, இருபத்தைந்து வயசு வரைக்கும் இங்கேயே வளர்ந்தேன். என் நிஜப்பெயர் பிரசோங்” என்று கோர்ட்டிலேயே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி ஜாமீனும் வாங்கிவிட்டான். அங்கேதான் சிக்கல். இரண்டு நாட்டுக்கும் இடையே பழைய ஒப்பந்தம் இருக்கிறது, குற்றவாளியைக் கேட்டால் பிடித்துக் கொடுக்கலாம். ஆனால் சொந்தக் குடிமகனைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இங்கேயே வழக்குப் போடலாமே என்பார்கள். சாட்சி, சாம்பல், பூட்டு எல்லாம் அந்தப் பக்கம் இருக்கும்போது இங்கே எதை வைத்துப் போடுவது? அவன் இந்த நாட்டுக்காரன் என்று நீதிபதி ஒப்புக்கொண்டால் தியோ மாலையும் கழுத்துமாக வெளியே வருவான்.

அவன் தென் தாய்லாந்துப் பேச்சைச் சுத்தமாகப் பேசினான். அம்மா வழியில் வந்ததாம். பிறப்புப் பதிவு வெள்ளத்தில் போய்விட்டதாம். பிறந்ததற்கு ஊர்த்தலைவர் தவின் சாட்சி. தவின் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர். தியோவின் சிறு வயதை அவர் எங்கே பார்த்தார் என்று கேட்டால், “மாமனார் சொன்னாரு” என்பார். மாமனாரைக் கேட்கலாம் என்றால் அவர் சாம்பலாகி எட்டு வருடம்.

“எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான், அக்கா. கோயில் பேரு, வாத்தியார் பேரு, ஆத்துல எந்த இடத்துல ஆழம்னு கூடச் சொல்றான்.”

“தெரியும். பத்து வருஷம் கணக்கு டீச்சரா இருந்தேன்டா. காப்பியடிச்சவனைச் சரியான விடைய வச்சுப் பிடிக்க முடியாது. அவன் பண்ற தப்புலதான் பிடிக்கணும்.”

மரத்தடியில் பொரித்த கோழி விற்றுக்கொண்டிருந்தவர் எங்களைக் கூப்பிட்டார். வினய் என்று பெயர், ஐம்பதைத் தாண்டியவர், தொப்பை முன்னால் வந்து வணக்கம் சொன்னது.

“என்ன தங்கச்சி, தம்பிக்குச் சீட்டா? பையன் நோஞ்சானா இருக்கானே, ராணுவம் எடுத்துக்காது. பயப்படாதீங்க.”

“இவனுக்கு முப்பத்திரண்டு வயசுண்ணே” என்றார் மாலி அக்கா.

“அப்படியா? அப்ப ரெண்டு துண்டாச் சாப்பிடச் சொல்லுங்க.”

“நீங்க எந்த வருஷம்ணே எடுத்தீங்க?”

வினய் சிரித்தார். “அந்தப் பெட்டிக்குள்ள நான் கை விட்டதே இல்ல, தங்கச்சி. எங்க செட்டே அதிர்ஷ்டக்கார செட்டு.”

ஏதாவது கால் ஊனம் என்று சொல்லித் தப்பித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் கோழியைக் கடித்தேன். அக்கா அவரிடம் இன்னும் ஏதேதோ பேசிக்கொண்டே இரண்டாவது துண்டு வாங்கினார். அவர் எங்கேயும் எதையும் இரண்டாவது முறை வாங்குகிறவர் இல்லை. நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளைக் கார் ஒன்று மைதானத்துக்குள் வந்து நின்றது. தியோ இறங்கினான். பட்டுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. பின்னால் வந்த வண்டியிலிருந்து குளிர்பானப் பெட்டிகள் இறங்கின. ஊர்த்தலைவர் தவின் ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நம்ம ஊர் மைந்தர் பிரசோங் ஐயா, நம்ம பிள்ளைகளுக்குக் குளிர்பானம் கொடுக்க நேரில் வந்திருக்காரு!”

மேடையில் முதல் வரிசை நாற்காலி. தியோ உட்கார்ந்தான். சீட்டு எடுப்பது அப்போதுதான் ஆரம்பித்தது.

முதல் பையன் ஏறினான். கால் நடுங்கியது. பெட்டிக்குள் கைவிட்டு, எடுத்த சீட்டைப் பிரிக்காமல் அதிகாரியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. கோழி பொரிக்கிற எண்ணெய்கூட அடங்கின மாதிரி எனக்குத் தோன்றியது.

அதிகாரி சீட்டைத் தூக்கிப் பிடித்தார். “சிவப்பு!”

வேலிக்கு வெளியே பையனின் அம்மா அப்படியே சரிந்தாள்.

மேடையில் ஒரே ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டி, “அதிர்ஷ்டசாலி! அதிர்ஷ்டசாலி!” என்று வேறு கத்தினான்.

பக்கத்தில் தவின் சிலையாகிவிட்டார். ஊரே தியோவைப் பார்த்தது. நாலு கைதட்டலுக்குப் பிறகு ஐந்தாவது அவன் கைக்குள்ளேயே செத்துப்போனது.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. மலேசியச் சீனர் வீட்டில் பிறந்து, புத்தாண்டுக்குச் சிவப்பு உறை வாங்கி, கல்யாணத்துக்குச் சிவப்புத் துணி கட்டி வளர்ந்தவன். சிவப்பு என்றால் அவன் ரத்தத்துக்கே நல்ல சகுனம். அவன் படித்த பாடத்தில் இந்தப் பக்கத்தைத் தவின் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

மயக்கம் தெளிந்த அம்மா முதல் காரியமாகத் தன் செருப்பைக் கழற்றி மேடைக்கு எறிந்தாள். அருமையான குறி. பட்டுச் சட்டையில் பட்டது.

“அக்கா! மாட்டிக்கிட்டான்!” நான் குதித்தேன். “பத்துப் பேரு போன்ல எடுத்துட்டாங்க. இது போதும்!”

மாலி அக்கா தேநீரை உறிஞ்சினார். “போதாது.”

அவர் சொன்னது சரி. அன்று சாயங்காலமே தியோவின் வக்கீல் சுரசக், செய்தியாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார். “என் கட்சிக்காரர் ஒரு தேசபக்தர். ஒரு இளைஞன் நாட்டுக்குச் சேவை செய்யப் போகிறான் என்றதும் உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டினார். நாட்டுக்காகக் கைதட்டுவது இந்த நாட்டில் குற்றமா?” என்று கேட்டார். அலுவலக டிவியில் அதைப் பார்த்த எனக்கே ஒரு நிமிடம் கைதட்டலாம் போல இருந்தது. கெட்டிக்காரன்.

ரொஹானா தொலைபேசியில் அழுதாள். “அக்கா, அவனை விட்டுடுவாங்களா? இவருக்கு நான் என்ன சொல்றது?”

“ஒண்ணும் சொல்லாத. வெள்ளிக்கிழமை பாங்காக் வா. நல்லாச் சாப்பிட்டுட்டு வா” என்றார் அக்கா.

போனை வைத்ததும் நான் வெடித்தேன். “எதை வச்சுக்கா இவ்வளவு தைரியமாச் சொல்றீங்க? இப்ப அவனுக்குச் சிவப்பு எது, கறுப்பு எதுன்னு தெரிஞ்சுபோச்சு. கோர்ட்டுல கேட்டா கறுப்புன்னு சொல்லிட்டுப் போயிடுவான்!”

“ஆமா, சொல்லுவான்.”

“அப்புறம்?”

“அப்புறம் நீ ஊருக்குப் போயி வினய் அண்ணனையும் அவரு செட்டு ஆளுங்களையும் ரயில்ல கூட்டிட்டு வா. கோழி கொண்டுவருவாரு. வழியில தின்னு தீர்த்துடாத.”

வெள்ளிக்கிழமை காலை. பாங்காக் குற்றவியல் நீதிமன்றத்தில் குளிர்சாதனம் எலும்பு வரை இறங்கியது. ரொஹானா முன்வரிசையில் முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசை முழுக்க வினய்யும் அவர் செட்டு ஆட்களும். அவர்கள் மேலிருந்து வந்த பொரித்த கோழி, வெங்காய வாசனைக்குக் காவலர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

அரசு வக்கீல் நரிசா சின்னப் பெண். மாலி அக்கா அவள் காதில் என்னவோ சொன்னார். நரிசா அக்காவை நம்பாமல் பார்த்தாள். அக்கா கண்ணை மூடித் திறந்தார்.

தியோ சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான்.

“பிரசோங் ஐயா, உங்களுக்கு இருபத்தொரு வயசு ஆன வருஷம் நீங்க நோங் யாங்லதான் இருந்தீங்க?”

“ஆமா. இருபத்தஞ்சு வரைக்கும் அங்கதான்.”

“அப்ப ராணுவச் சீட்டுக்குப் போயிருப்பீங்களே?”

வக்கீல் சுரசக் லேசாகப் புன்னகைத்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி தியோவும் நிமிர்ந்தான்.

“போனேன். எப்படிப் போகாம இருப்பேன்? ஊர்ல எல்லாரும் போனோம்.”

“என்ன நிறம் வந்தது?”

“கறுப்பு.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“இந்தக் கையால எடுத்தேன், மேடம். கால் நடுங்குச்சு. பிரிச்சுப் பாக்கப் பயந்து சீட்டை அப்படியே அதிகாரிகிட்டக் கொடுத்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். வேலிக்கு வெளிய எங்கம்மா மயங்கி விழுந்துட்டாங்க, சந்தோஷத்துல.” கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். “அந்த அதிர்ஷ்டத்துக்கு நன்றியாத்தான் வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குக் குளிர்பானம் கொடுக்கணும்னு நெனைச்சேன்.”

மைதானத்தில் முதல் பையன் செய்ததை வரிக்கு வரி ஒப்பித்தான். அழகான காப்பி. நீதிபதி தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். ரொஹானாவின் விரலில் முக்காட்டு நுனி இறுகி, விரல் வெளுத்துப்போயிருந்தது.

“அக்கா, போச்சு” என்று கிசுகிசுத்தேன்.

“வாயை மூடு.”

நரிசா அடுத்த சாட்சியாக வினய்யைக் கூப்பிட்டாள். வினய் தொப்பையைக் கூண்டுக்குள் சிரமப்பட்டுக் கொண்டுபோனார்.

“நீங்க நோங் யாங்?”

“பொறந்தது, வளர்ந்தது, கோழி பொரிக்கிறது எல்லாம் அங்கதானுங்க.”

“இவரும் நீங்களும் ஒரே வயசு. ஒரே வருஷம்தான் சீட்டுக்குப் போயிருக்கணும். உங்களுக்கு என்ன நிறம்?”

“எனக்கு நிறமே வரலீங்க.”

நீதிபதி பேனாவை நிறுத்தினார். “அப்படின்னா?”

“அந்த வருஷம் எங்க ஊர்ல சீட்டே எடுக்கலீங்க, ஐயா.”

வக்கீல் சுரசக்கின் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

வினய் கதை சொல்கிற சந்தோஷத்தில் கூண்டைப் பிடித்துக்கொண்டார். “அந்த வருஷம் ரப்பருக்கு விலை இல்ல. வீட்டுக்கு வீடு சும்மா உக்காந்திருந்தோம். சீட்டுக்கு மொத வாரம், பக்கத்து ஊரு குத்துச்சண்டைக்காரர் ஒருத்தர் ராணுவ உடுப்போட வந்தாரு. முகாம்ல தினம் கறிச் சோறு, குத்துச்சண்டைப் பயிற்சின்னு அளந்து விட்டாரு. அவ்வளவுதான். சீட்டு எடுக்கற அன்னைக்கு எங்க பசங்க நான் நீன்னு தானாக் கையைத் தூக்கிட்டானுங்க. வேண்டிய ஆளு நெறஞ்சுபோச்சு. பெட்டியோட மூடியக்கூடத் தொறக்கல. மிச்ச ஆளுங்கள ‘வீட்டுக்குப் போங்கடா’ன்னு வெரட்டி விட்டாங்க. சீட்டே எடுக்காத வருஷம்னு இப்பவும் வருஷா வருஷம் நாங்க சேந்து உக்காந்து சாப்பிடுவோமுங்க. இவர ஒரு தடவைகூடப் பாத்ததில்ல.”

“ஆட்சேபம்!” சுரசக் எழுந்தார். “ஒரு கோழிக்கடைக்காரரின் முப்பது வருட ஞாபகம்—”

“அந்த வருஷத்து ஆட்கள் வேற யாராவது இங்கே இருக்கீங்களா?” என்றார் நீதிபதி.

பின்வரிசை மொத்தமாக எழுந்து நின்றது. அதில் ஒருவர், கறிச் சோற்றுக்கு ஆசைப்பட்டுக் கை தூக்கியவர், விறைப்பாக சல்யூட் வேறு அடித்தார்.

நீதிபதி தியோவைப் பார்த்தார். “நீங்கள் சொன்னதைத் திருத்திக்கொள்ள விரும்புகிறீர்களா?”

தியோ ஊர்த்தலைவர் தவினைப் பார்த்தான். தவின் தன் காலணியைப் பார்த்தார். மாமனார் எதை எதையோ சொல்லியிருக்கலாம்; சீட்டே எடுக்காத வருடத்தைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொல்லத் தோன்றியிருக்காது. பொய்ச் சாட்சிக்குச் சிறை உண்டு என்று நீதிபதி நினைவூட்டினார். தவின் அந்த வாக்கியம் முடிகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை.

“ஐயா, என்னை மன்னிச்சுடுங்க! எனக்கு இவரைப் போன வருஷம்தான் தெரியும். கறுப்புன்னு சொல்லுங்கன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்!”

மதியத்துக்கு மேல் நீதிபதி படித்தார். இவர் இந்த நாட்டுக் குடிமகன் என்பது நிரூபிக்கப்படவில்லை. கேட்ட நாட்டிடம் ஒப்படைக்கலாம். அதுவரை ஜாமீன் ரத்து. மேல்முறையீடு இருக்கிறது என்று சுரசக் சத்தமாகச் சொன்னார். அவர் குரலில் நாட்டுப்பற்று கொஞ்சமும் மிச்சமில்லை.

நான் மாலி அக்காவைப் பிடித்துக்கொண்டேன். “அப்ப மைதானத்துல அவன் கைதட்டினது?”

“அதுதான்டா தூண்டில். கைதட்டினதுக்கு அப்புறம் அவன் தலை முழுக்க நிறம்தான். சிவப்பா கறுப்பா, சிவப்பா கறுப்பா. ராத்திரியெல்லாம் படிச்சு, கேள்வித்தாள்லயே இல்லாத கேள்விக்கு முழு மார்க்குக்குப் பதில் எழுதிட்டான்.”

“ரெண்டாவது கோழித் துண்டுலயே உங்களுக்கு எல்லாம் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“உன் மூஞ்சி இருக்கே, அது ஒலிபெருக்கி மாதிரி. நீ ஜெயிச்ச மூஞ்சியோட உக்காந்திருந்தா சுரசக் மோப்பம் பிடிச்சிருப்பாரு.”

காவலர்கள் தியோவை நடைபாதை ஓரத்துத் தடுப்பறைக்குக் கொண்டுபோனார்கள். எங்களைக் கடக்கும்போது அவன் நின்றான். பட்டுச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் என்ன பதில் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன்?”

மாலி அக்கா அவனை நன்றாகப் பார்த்தார்.

“‘நான் சீட்டே எடுக்கல’ன்னு சொல்லியிருந்தாப் போதும். உண்மையும் அதுதானே?”

காவலர் அவனை உள்ளே விட்டு, கம்பிக் கதவைச் சாத்தினார். பூட்டுத் தொங்கியது. சாவி திரும்பியது.

ரொஹானா அதுவரை சுவரோரம் நின்றிருந்தாள். அவள் பேசும் தாய்லாந்து மொழி கொச்சை, அவசரத்தில் மலாய் கலந்துவிடும். இப்போது ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, காவலரையும் வினய்யையும் எங்களையும் பார்த்துக் கேட்டாள்.

“பூட்டினது யாரு, சாவி யாரு கையில இருக்குன்னு எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல?”

“பாத்துக்கிட்டோம்மா” என்றார் காவலர், ஒன்றும் புரியாமல்.

ரொஹானா தலையாட்டினாள். விடுதி எரிந்த ராத்திரி அதைப் பார்த்துச் சொல்ல அவள் புருஷனைத் தவிர யாரும் இருக்கவில்லை. போனை எடுத்து, புருஷன் இருக்கும் அலோர் ஸ்டார் சிறைக்கு எப்படிச் செய்தி சொல்வது என்று அக்காவிடம் கேட்டாள். நான் அக்காவின் கைப்பை, குடை, மின்விசிறி எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுச் சிறையின் எண்ணைத் தேட ஆரம்பித்தேன்.